தள்ளி நிற்கத் தெரிந்தவள்

இரண்டுக்கும் பல் எண்ணிக்கை ஒன்றுதான் என்பது எனக்கு உறைத்தபோது, பேருந்து விக்கிரவாண்டி டோல்கேட்டில் நின்றுகொண்டிருந்தது.

மடியில் டிபன் டப்பா. அதற்குள் பழைய பனியன் துணியில் சுற்றி இரண்டு கேம் ஷாஃப்ட்டுகள். பெரிதாகக் கற்பனை செய்ய வேண்டாம், ஒவ்வொன்றும் என் சுண்டுவிரலில் பாதிதான் இருக்கும். ஒன்று எங்கள் மாடல் விமானத்தின் ஃபோர் ஸ்ட்ரோக் என்ஜினிலிருந்து கழற்றியது. கடற்கரைக் காற்றில் துருப்பிடித்து அதன் முகடு அரித்துப்போயிருந்தது. இன்னொன்று அதே கம்பெனியின் வேறொரு பழைய என்ஜினிலிருந்து எடுத்தது. எக்ஸ்ரே அக்காவின் அண்ணன் ஷார்ஜாவிலிருந்து வரும்போது சாக்ஸுக்குள் வைத்துக் கொண்டுவந்தார். நீளம் சரி, தடிமன் சரி. முனையிலிருந்த பல்சக்கரத்தின் பல்லை மட்டும் எண்ணவில்லை. திண்டிவனத்தில் ஏறியதிலிருந்து நகத்தை வைத்து எண்ணிக்கொண்டே வந்தேன், மூன்று தடவை தப்பியது. பக்கத்து சீட்டில் மல்லாட்டை உரித்துக்கொண்டிருந்த ஒரு அம்மா, "இன்னாம்மா, மோதிரமா? எண்ணிக்கினே வர்ற," என்றார். நாலாவது தடவை சரியாக வந்தது.

உடனே அக்காவுக்கு போன். "மாட்டலாம்க்கா, பல் ஒண்ணுதான்."

அந்தப் பக்கம் அக்கா எக்ஸ்ரே அறையில் வேலையாக இருந்தாள். யாருக்கோ மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொல்வது கேட்டது. ஒரு பட்டன் ஒலி. பிறகுதான் பதில் வந்தது.

"பல் ஒண்ணா இருந்தா போதுமா? புள்ளி நம்ம எஞ்சினுக்குக் குத்தினது இல்லியே பாப்பா."

நான் அன்றைக்குச் சந்தோஷத்தில் அந்த இரண்டாவது வாக்கியத்தைக் காதில் வாங்கவில்லை. மூன்று வருஷமாக அது மட்டும்தான் காதில் இருக்கிறது.

அவளை நான் முதலில் பார்த்தது விழுப்புரத்தில் ஒரு ஸ்கேன் சென்டரில். அம்மாவுக்கு முழங்கால் வலி. நான் மெக்கானிக்கல் முடித்து, வேலை தேடுவதாக வீட்டில் சொல்லிக்கொண்டு, உண்மையில் யூட்யூபில் என்ஜின் பிரிக்கும் வீடியோக்களைப் பார்த்துக்கொண்டிருந்த காலம். எக்ஸ்ரே அறையில் அம்மாவைப் படுக்க வைத்துவிட்டு, உயரமான, கொஞ்சம் கூனலாக நடக்கிற ஒருத்தி என்னிடம், "நீ இங்க நிக்காத, அந்தச் சுவத்துக்குப் பின்னால வா, தள்ளி நில்லு," என்றாள். குரலில் அதட்டல் இல்லை. பயம் இருந்தது. தினம் ஐம்பது பேருக்கு அதே வார்த்தையைச் சொல்கிறவளின் குரலில் இன்னும் பயம் மிச்சமிருந்தது எனக்கு வினோதமாகப் பட்டது. சுவருக்குப் பின்னால் போனேன். கம்ப்யூட்டருக்குப் பக்கத்தில், கை துடைக்கும் துணிமேல், ஒரு குட்டி என்ஜின். வால்வு மூடி கழற்றி, வால்வைத் தட்டும் இரண்டு ராக்கரும் வெளியே தெரிய, தேநீர்க் குவளை அளவில் உட்கார்ந்திருந்தது. அம்மாவின் முழங்கால் எனக்கு மறந்தே போய்விட்டது.

அக்காவுக்குச் சொந்த ஊர் கோட்டகுப்பம். அப்பாவும் இரண்டு அண்ணன்களும் கல்ஃபில். பெரிய அண்ணன்தான் அங்கே யாரோ விற்றுவிட்டுப் போன மாடல் விமானத்தை என்ஜினோடு வாங்கி, விளையாட்டுக்குத் தங்கைக்கு அனுப்பியவர். அது விளையாட்டாக நிற்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் கிளியனூர்ப் பக்கம் ஒரு ஏரியில், அது காய்ந்த மாதங்களில், விமானம் விடுகிற ஐந்தாறு பேர் கூடுவார்கள். அதில் பெண் அவள் ஒருத்தி, பிறகு நான். மற்றவர்கள் எல்லாரும் பேட்டரி விமானம். எரிபொருள் ஊற்றி என்ஜின் ஓட்டுகிறவள் அவள் மட்டும்தான்.

பயப்படுகிறவள் ஏன் இதை எடுத்தாள் என்று எல்லாரும் கேட்பார்கள். அப்படிக் கேட்கிற அளவுக்கு இருந்தது அவள் பயம். குக்கர் விசில் வரும்போது அடுப்பங்கரைக்குள் போக மாட்டாள். பேருந்தில் முதல் வரிசையில் உட்கார மாட்டாள், கடைசி வரிசையிலும் உட்கார மாட்டாள். தென்னை மரத்தடியைச் சுற்றித்தான் நடப்பாள். ஏரிக்கரையில் என்ஜினைக் கிளப்புவதற்கு முன்னால் துப்பட்டாவைக் கழற்றி, மடித்து, காருக்குள் வைத்துக் கதவைச் சாத்திவிட்டுத்தான் வருவாள். என் துப்பட்டாவையும் பிடுங்குவாள். விமானத்தின் வாலை முளையில் கட்டுவாள். எல்லாரையும் வாலுக்குப் பின்னால் பத்தடி போகச் சொல்வாள். சுற்றப்போகிற ப்ரொப்பெல்லர் விசிறியின் பக்கவாட்டு நேர்க்கோட்டில் ஒரு நாய் வந்து படுத்தால்கூட, நாய் எழுந்து போகும்வரை காத்திருப்பாள்.

எங்கள் கூட்டத்தில் திண்டிவனத்தில் மொபைல் கடை வைத்திருந்த அண்ணன் ஒருவர் உண்டு. அவருக்கு இது தீராத கேலி. "எக்ஸ்ரே, நீ ஒண்ணு பண்ணு. ரிமோட்ட எடுத்துக்கினு கோட்டகுப்பம் போயிடு. வீட்டு மாடியிலருந்தே ஓட்டலாம்," என்பார்.

"ரேஞ்ச் பத்தாதுண்ணே. பத்துனா போயிருப்பேன்."

"பேட்டரி போடேன். பேஜாரே கிடையாது."

"சத்தம் வராதே."

அந்தச் சத்தத்தைக் கேட்டவர்களுக்குப் புரியும். சின்ன டூ ஸ்ட்ரோக் என்ஜின் கொசு மாதிரி கத்தும். இது அப்படியில்லை, தூரத்தில் ஒரு நல்ல பழைய புல்லட் போவது போல நிதானமாகப் பேசும். என்ஜின் பிடித்துக்கொண்டதும் அவள் ஒன்று செய்வாள். வலது கையைப் பக்கவாட்டில் தொங்கவிட்டு, கட்டைவிரலால் மற்ற நாலு விரல்களையும் ஒவ்வொன்றாகத் தொடுவாள். பிறகு இடது கை. விரல் எண்ணுகிறாள் என்று எனக்குப் புரிய மூன்று ஞாயிறு ஆனது. கேட்டதற்கு வெட்கப்பட்டாள்.

"சுத்தறப்ப விசிறி கண்ணுக்குத் தெரியாது. நான் எடுக்கற ரேயும் கண்ணுக்குத் தெரியாது. கண்ணுக்குத் தெரியறதுன்னா நாமளே ஒதுங்கிடுவோம். தெரியாததுக்குத்தான் நாம இடம் உட்டு நிக்கணும்."

எனக்கு இதெல்லாம் அலுப்பாக இருக்கும். சொல்லிவிடுகிறேன். நான் வேகமான ஆள். ஒரு பொருளைக் கையில் கொடுத்தால் ஐந்து நிமிஷத்தில் பிரித்துவிடுவேன். அவள் ஐந்து நிமிஷம் அதைத் தொடாமல் பார்த்துக்கொண்டிருப்பாள்.

கேம் என்றால் என்ன என்று இங்கே சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் நான் செய்தது என்னவென்று புரியாது. என்ஜினுக்குள் இரண்டு கதவுகள், வால்வு என்பார்கள். ஒன்று எரிபொருளை உள்ளே விடுவது, ஒன்று புகையை வெளியே விடுவது. எந்தக் கதவு எப்போது திறக்க வேண்டும் என்று சொல்வது கேம். பிஸ்டன் இரண்டு தடவை ஏறி இறங்கினால் கேம் ஒரு சுற்று சுற்றும். அதை மாட்டும்போது ஒரு பல் தள்ளி உட்கார்ந்துவிட்டாலும் கதவு தப்பான நேரத்தில் திறந்து, தப்பான நேரத்தில் மூடும். அப்படி ஆகாமலிருக்கக் கம்பெனிக்காரன் கேமின் முகத்தில் ஊசிமுனை அளவு ஒரு புள்ளி குத்தி வைத்திருப்பான். பிஸ்டன் உச்சியில் நிற்கையில் புள்ளி நேர் கீழே பார்க்க வேண்டும். பார்த்தால் மூடியை மூடிவிட்டு டீ குடிக்கப் போகலாம்.

ஆனால் அந்தப் புள்ளி அந்த என்ஜினுக்காகக் குத்தியது. வேறு என்ஜினிலிருந்து வந்த கேமில் புள்ளி சொல்வது பழைய வீட்டு விலாசம்.

அதனால் அக்கா புள்ளியைப் பார்க்கவே மாட்டாள். சொந்தக் கேமைத் திரும்பப் போட்டால்கூட நம்ப மாட்டாள். அவளிடம் ஒரு வட்டம் இருந்தது. ஸ்கேன் சென்டரில் யாரும் வாங்கிக்கொண்டு போகாத பழைய எக்ஸ்ரே ஃபிலிம் ஒன்றின் பெயர் மூலையை வெட்டி எறிந்துவிட்டு, மிச்சத்தில் தட்டு அளவுக்கு வட்டம் நறுக்கி, பள்ளிக்கூடக் கோணமானியை வைத்து முள்ளால் பாகை கீறியிருந்தாள். வெளிச்சத்தில் பிடித்தால் யாருடையதோ விலா எலும்பு தெரியும். அதை ப்ரொப்பெல்லர் இருக்கிற இடத்தில் செருகி, கம்பி ஒன்றை முள்ளாக வளைத்து வைத்து, கையால் மெதுவாகச் சுற்றுவாள். புகைக் கதவு மூடப்போகிற, எரிபொருள் கதவு திறக்கத் தொடங்குகிற அந்த ஒரு இடம் உண்டு. இரண்டு கதவும் ஒரே சமயம் மயிரிழை திறந்திருக்கும். அந்த இடத்தில் பிஸ்டன் சரியாக உச்சியில் இருக்கிறதா? இருந்தால் கேம் சரி. ஒரு கதவு அதிகம் திறந்து மற்றது மூடியே கிடந்தால், எத்தனை பாகை வித்தியாசம் என்பதை வட்டம் சொல்லும், எத்தனை பல் நகர்த்த வேண்டும் என்று கணக்குப் போட்டுக்கொள்ளலாம். நாற்பது நிமிஷ வேலை. ஒவ்வொரு தடவையும் பார்த்து முடித்ததும் ஃபிலிமின்மேல் மஞ்சள் மெழுகுப் பென்சிலால் ஒரு கோடும் தேதியும் போடுவாள். அந்தப் பென்சிலும் சென்டரிலிருந்து வந்ததுதான்.

அந்த வருஷம் ஆனி கடைசியில் மஸ்கட்டில் ஒரு ஆஸ்பத்திரியில் அவளுக்கு வேலை கிடைத்தது. அப்பாவுக்கும் அண்ணன்களுக்கும் அவள் தனியாகப் போவதில் இஷ்டமில்லை. எட்டு மாதம் பேசிப் பேசி சம்மதிக்க வைத்திருந்தாள். மெடிக்கல் முடிந்துவிட்டது, மூன்று வாரத்தில் பயணம். அவளுக்கு இருந்த ஒரே ஆசை, போவதற்கு முன் அந்த என்ஜின் ஒரு தடவை ஓடுவதைக் கேட்க வேண்டும். ஆடிக் காற்று ஆரம்பித்துவிட்டால் விமானத்தை வெளியே எடுக்க முடியாது. மிச்சமிருந்தது ஒரே ஒரு ஞாயிறு.

அவளுக்கு ஊர் முழுக்கப் போய்ச் சொல்லிக்கொள்கிற வேலை. ஷார்ஜா கேமை வைத்திருந்த என்னிடம் என்ஜினையும் வட்டத்தையும் கொடுத்து, "நீயே மாட்டிடு பாப்பா. மாட்டிட்டு வட்டம் போட்டுப் பாரு. ஜல்தி ஜல்தின்னு பண்ணாத," என்றாள். அவள் என்ஜினை இன்னொருத்தர் மாட்ட விட்டது அதுதான் முதல் தடவை.

நான் சனிக்கிழமை மத்தியானம் மாட்டினேன். பிஸ்டனை உச்சிக்குக் கொண்டுவந்து, புள்ளியைக் கீழே வைத்து, கேமை உள்ளே தள்ளினேன். வெண்ணெயில் போவது போலப் போனது. கையால் இருபது சுற்று சுற்றிப் பார்த்தேன். எங்கும் தட்டவில்லை, பிடிக்கவில்லை. வால்வு இடைவெளியைத் தகடு வைத்து அளந்தேன், கச்சிதம். மூடியை மூடி நாலு திருகையும் இறுக்கினேன். வட்டம் மேசைமேல் கிடந்தது. இருபது சுற்றில் தட்டாதது எங்கே தட்டப்போகிறது என்று தோன்றியது. நாற்பது நிமிஷம். வெளியே தோழி வண்டியில் காத்திருந்தாள்.

ஞாயிறு காலை ஏரியில் அக்கா கேட்டாள். "வட்டம் போட்டுப் பார்த்தியா?"

"பார்த்துட்டேன்க்கா."

இவ்வளவுதான். ஒரு மூச்சு நேரம்கூட ஆகவில்லை, சொல்லி முடிக்க.

கேம் மாற்றிய என்ஜினை அவள் நேராக விமானத்தில் வைத்துக் கிளப்பவே மாட்டாள். முதலில் பலகையில் திருகி, முன்னால் ப்ளைவுட் மறைப்பு வைத்து, அதற்குப் பின்னால் நின்றுதான். அன்றைக்குப் பலகையும் மறைப்பும் வைக்கவில்லை. நேரமாகிவிட்டது, மேற்கே காற்று ஏறிக்கொண்டிருந்தது, வட்டம் போட்டுப் பார்த்தாகிவிட்டது என்று பாப்பா சொல்லிவிட்டாள். மொபைல் கடை அண்ணன்கூட ஆச்சரியப்பட்டார். "இன்னா எக்ஸ்ரே, பலகை இல்லாம? மஸ்கட் போறேன்னு தைரியம் வந்துடுச்சா?" அவள் சிரித்தாள். துப்பட்டாவைக் காரில் வைத்தாள். ப்ரொப்பெல்லர் நட்டையும் அதன்மேல் பூட்டு நட்டையும் தானே இறுக்கினாள். எங்களைப் பின்னால் போகச் சொல்லிவிட்டு, ஸ்டார்ட்டர் மோட்டாரை எடுத்து விமானத்தின் மூக்குக்கு முன்னால் குந்தி உட்கார்ந்தாள். கேம் மாற்றிய என்ஜினின் முன்னால் அவள் அப்படி மறைப்பில்லாமல் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை.

ஸ்டார்ட்டரை வைத்ததும் கார்ப்ரேட்டர் வழியாக ஒரு முறை புஸ்ஸென்று துப்பியது. அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. கேம் தள்ளி உட்கார்ந்த என்ஜின் அப்படித்தான் துப்பும், எத்தனை வீடியோவில் பார்த்திருக்கிறேன். வாயைத் திறந்தேன். என்ஜின் பிடித்துக்கொண்டது.

நாலு விநாடி இருக்கும். ஓட்டம் ஒரு மாதிரி கரகரத்தது, கல்லை மெல்வது போல. அவள் ஸ்டார்ட்டரைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டிருந்தாள். இந்த என்ஜினில் ஸ்பார்க் கிடையாது, ப்ளக்கின் கம்பி எப்போதும் கனன்றுகொண்டே இருக்கும். கதவு தப்பான நேரத்தில் மூடினால் எரிபொருள் பிஸ்டன் ஏறும் வழியிலேயே பற்றி அதைத் திருப்பி உதைக்கும். உதைத்தது. டக் என்று ஒரு ஒலி. இரண்டு நட்டும் கழன்று ப்ரொப்பெல்லர் முன்னால் வந்தது. அது வந்ததை நான் பார்க்கவில்லை, அவள் சொன்னது போல அது கண்ணுக்குத் தெரியவில்லை. ஸ்டார்ட்டர் கீழே விழுந்தது மட்டும் தெரிந்தது. அவள் தன் வலது கையை இடது கையால் பிடித்துக்கொண்டு, எழுந்து, இரண்டடி பின்னால் போய் நின்றாள். அந்த நேரத்திலும் தள்ளிப் போய் நின்றாள்.

கத்தவில்லை. "எல்லாரும் முழுசா இருக்கீங்களா?" என்றாள்.

காரில் திண்டிவனம் போகும்வழி முழுக்க அவள் கையை என் மடியில் தாங்கிக்கொண்டிருந்தேன். அவள் கையைச் சுற்றியிருந்தது என் துப்பட்டா. மொபைல் கடை அண்ணன் கண்ணாடியில் எங்களைப் பார்த்துப் பார்த்து ஓட்டினார். என்ன ஆச்சு, எப்படி ஆச்சு என்று அவர் கேட்டபோது அக்கா சொன்னாள்: "நட்ட நான்தான் சரியா இறுக்கலண்ணே."

இல்லக்கா என்று சொல்ல என் நாக்கு மேலண்ணம்வரை வந்தது. அதற்கப்புறம் வரவில்லை.

திண்டிவனத்தில் தையல் போட்டுக் கட்டினார்கள். எக்ஸ்ரே மட்டும் தன் மெஷினில்தான் எடுப்பேன் என்று பிடிவாதம் பிடித்தாள். விழுப்புரம் போனோம். ஞாயிறு ட்யூட்டியில் இருந்த இன்னொரு டெக்னீஷியன் பெண் இவளைப் பார்த்ததும் அழுதுவிட்டாள். இவள்தான் அவளுக்குச் சமாதானம் சொன்னாள். தானே ஸ்டூலில் உட்கார்ந்து, தானே கையைப் பிளேட்டின்மேல் வைத்து, எந்த உயரம், எவ்வளவு சாய்வு என்று சொன்னாள். தினம் மற்றவர்களைப் படுக்க வைக்கிற இடத்தில் அவள் உட்கார்ந்திருந்தது எனக்குப் பார்க்கச் சகிக்கவில்லை. அவள் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தேன்.

"பாப்பா, இங்க நிக்காத. தள்ளி நில்லு."

சுவருக்குப் பின்னால் போனேன். அந்தப் பெண் பட்டனை அழுத்தினாள். திரையில் கை வந்தது, வெள்ளையாக. நடுவிரலுக்குக் கீழே உள்ளங்கை எலும்பில் ஒரு கோடு, பக்கத்து எலும்பில் ஒரு கோடு. பக்கத்து எலும்பில் இருந்தது மயிர் மாதிரி மெல்லிசு. நடுவிரலுக்குக் கீழே இருந்தது மெல்லிசாக இல்லை. கண்ணாடி வழியாகப் பார்த்தேன். அவள் கட்டுப்போட்ட கையின் கட்டைவிரலை மெதுவாக நகர்த்திக்கொண்டிருந்தாள். ஆள்காட்டி விரலைத் தொட்டது. நடுவிரலிடம் போனது. நடுவிரல் வரவில்லை. இன்னொரு தடவை முயற்சி செய்தாள். பிறகு கையை மடியில் வைத்துக்கொண்டு கதவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

எனக்கு அந்த அறையில் வந்த பயம் இதுவரை வேறெங்கும் வந்ததில்லை. அவள் கைக்காக வந்தது பாதி. சொல்லிவிடுவேனோ என்கிற பயம் மீதி.

மாவுக்கட்டு ஆறு வாரம். மஸ்கட்காரர்கள் ஆறு வாரம் காத்திருக்கவில்லை. நோயாளியைத் தூக்கித் திருப்பிப் படுக்க வைக்கிற வேலைக்கு இரண்டு கையும் வேண்டும், அவர்களைக் குறை சொல்ல முடியாது. மழை வரலாம் என்று சொல்வது போல, வேலை போனதை என்னிடம் சொன்னாள். வீட்டில் அண்ணன்கள் "நாங்க அப்பவே சொன்னோம்" என்று ஆரம்பித்திருந்தார்கள். அதையும் சொன்னாள். அடுத்த வருஷம் திரும்ப எட்டு மாதம் பேசி, கல்ஃபிலேயே அதைவிடச் சின்ன ஊரில் அதைவிடச் சின்ன ஆஸ்பத்திரிக்குப் போனாள். நடுவிரல் கட்டைவிரலை இன்னும் தொடாது. போகும்போது என்ஜினையும் வட்டத்தையும் ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு என்னிடம் கொடுத்தாள்.

நான் டின்னைத் திறக்கவில்லை. கட்டிலுக்கடியில் வைத்திருந்தேன். இடையில் எனக்கு வேலை கிடைத்தது, விட்டேன், வேறு கிடைத்தது. அக்கா மாதத்துக்கு ஒரு தடவை மெசேஜ் அனுப்புவாள்: எஞ்சின் இன்னா சொல்லுது? தூங்குதுக்கா என்று அனுப்புவேன், சிரிக்கிற பொம்மையோடு.

போன மாதம் வேறு மாதிரி வந்தது. லீவில் வருகிறாளாம். ஏரி காய்ந்திருக்கிறதா? ஒரு ஞாயிறு எடுத்துப் பார்க்கலாமா?

டின்னைத் திறந்தேன். துரு ஏறியிருக்கும் என்று நினைத்தேன், ஏறவில்லை. எண்ணெயில் குளிப்பாட்டி, பாலிதீனில் சுற்றி, நாலு திருகையும் தனி உறையில் போட்டிருந்தாள். மூடியைக் கழற்றிப் பார்த்திருக்கிறாள் என்று அதிலேயே தெரிந்தது. வட்டம் அடியில் இருந்தது. ஜன்னலில் பிடித்தேன். விலா எலும்புகள்மேல் மஞ்சள் கோடுகள், ஒவ்வொன்றின் பக்கத்திலும் அவளுடைய சாய்ந்த, நெருக்கமான கையெழுத்தில் தேதி. அந்த ஞாயிற்றுக்கு முந்தைய வாரத்தில் ஒரு கோடும் இல்லை. அதற்குப் பன்னிரண்டு நாள் கழித்து ஒன்று இருந்தது. முதல் வகுப்புப் பிள்ளை எழுதியது போலக் கோணல் எழுத்து. வலது கை மாவுக்கட்டில் இருந்த நாள். இடது கையால் எழுதியிருக்கிறாள்.

"புள்ளி வச்சு மாட்டினது. ரெண்டு பல் முன்னாடி."

அவ்வளவுதான் எழுதியிருந்தாள்.

ஒரு கையால் என்ஜினைப் பிரித்து, ஒரு கையால் வட்டத்தைச் செருகி, பார்த்திருக்கிறாள். பார்த்ததும் தெரிந்திருக்கும். அதற்கப்புறம்தான் மஸ்கட் வேலை போய்விட்டது என்று என்னிடம் வந்து சொன்னாள். அதற்கப்புறம்தான் பெருநாளைக்கு வீட்டுக்குக் கூப்பிட்டு பிரியாணி போட்டாள். விமான நிலையத்தில் என் தோளைத் தட்டியது, மாதா மாதம் எஞ்சின் இன்னா சொல்லுது என்று கேட்டது, எல்லாம் தெரிந்துகொண்டே. நானாக வந்து சொல்லட்டும் என்று இடம் விட்டு நின்றிருக்கிறாள். மூன்று வருஷம். அதை நினைத்தால் அந்த ப்ரொப்பெல்லரைவிட எனக்கு இதுதான் பயமாக இருக்கிறது.

போன வாரம் மூன்று சாயங்காலம் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து வட்டம் போட்டுப் பார்த்தேன். முதல் நாள் பிஸ்டனின் உச்சியையே தப்பாகப் பிடித்திருந்தேன். அங்கே பிஸ்டன் கொஞ்ச நேரம் நிற்பது போல ஏமாற்றும். ப்ளக் துளை வழியாக ப்ளாஸ்டிக் குச்சியை விட்டுத் தடுத்து, இரண்டு பக்கமும் அளந்து நடுவை எடுக்க வேண்டும். இரண்டாம் நாள் கேமை இரண்டு பல் பின்னால் வைத்தேன். தள்ளுக்கம்பியைத் தாங்கும் குண்டு ஒன்று கீழே நழுவிக் காய்ந்த எண்ணெயில் ஒட்டிக்கொண்டு, வால்வு திறக்கவே இல்லை. திரும்பப் பிரித்தேன். கிரீஸ் தொட்டு வைத்து மாட்டினேன். மூன்றாம் நாள் இரண்டு கதவும் ஒரே சமயம் மயிரிழை திறந்து நின்றன. முள் பூஜ்யத்தில் இருந்தது. நாலு தடவை சுற்றி நாலு தடவையும் பார்த்தேன். மஞ்சள் பென்சில் வாங்கி வைத்திருந்தேன், ஆனால் கோடு போடவில்லை.

அக்கா சனிக்கிழமை வருகிறாள். ஞாயிறு காலை ஏரி. மொபைல் கடை அண்ணனிடம் ப்ளைவுட் மறைப்பு கேட்டிருக்கிறேன், முளையும் கயிறும் என்னிடம் இருக்கின்றன. துப்பட்டா போட்டுக்கொண்டே போகப்போவதில்லை. என்ஜினுக்குள் எரிபொருள் போவதற்கு முன்னால், வட்டத்தை அவள் கையில் கொடுத்து, அன்றைக்கு நான் பார்க்கவில்லை என்கிற வாக்கியத்தை முழுசாகச் சொல்லிப் பார்க்கப்போகிறேன். அவள் முன்னால் இன்னொரு தடவை சுற்றிக் காட்டுவேன். மஞ்சள் கோட்டை அவள் போடட்டும். போட்டால், ஸ்டார்ட்டரை நான் எடுத்துக்கொண்டு மறைப்புக்குப் பின்னால் குந்துவேன். அவளைப் பார்த்து, தள்ளி நில்லுங்கக்கா என்று சொல்வேன்.